கரிகாலனைக் கொன்றது யார்? வாசகர் வட்டங்களில் தீராத வழக்கு!

கொலை நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்தவன் பட்டத்து இளவரசன். குற்றவாளிகளின் பெயர்கள் கோவில் சுவரிலேயே வெட்டப்பட்டு இருக்கின்றன. ஆனாலும், சென்னையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கையில் "பொன்னியின் செல்வன்" புத்தகத்தோடு உட்கார்ந்தால் போதும். வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்து விடுகிறது!

நூலகத்தின் பின்புற அறை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, பூங்காவின் சிமெண்டு பெஞ்சு. வாசகர் வட்டம் கூடுவதற்கு இது போதும். பேங்க் குமாஸ்தா வருகிறார். ஓய்வு பெற்ற வாத்தியார் வருகிறார். கல்லூரி மாணவி வருகிறார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மளிகைக்கடைக்காரரும் வருகிறார். டீ வருகிறது. சுண்டல் வருகிறது. பின்னாலேயே சண்டையும் வருகிறது.

கல்கி இந்தக் கதையை 1950-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரை தன் பத்திரிகையில் வாரா வாரம் எழுதினார். மொத்தம் 5 பாகம். தொடர் முடிந்ததும் வாசகர்கள் விட்டார்களா? அவர் என்ன ஆனார், இவர் கதி என்ன என்று கேள்வி மேல் கேள்வி! கல்கியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1954 டிசம்பரில் அவர் காலமானார். கேள்விகள் மட்டும் ஓயவில்லை.

1999-ல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆகிவிட்டது. பிளாட்பாரக் கடையில் கூட 5 பாகமும் ஒரே கட்டாகக் கிடைக்கிறது. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்தது. அப்பா அலமாரியில் இருந்த பழைய புத்தகத்தை மகள் தூசி தட்டி எடுத்தாள். வட்டங்களுக்குப் புது ரத்தம்!

ஆளாளுக்கு ஒப்புக்கொள்ளும் கொலை

படிக்காதவர்களுக்காக வழக்கின் சுருக்கம் இதோ. சம்புவரையரின் கடம்பூர் மாளிகை. ராத்திரி நேரம். விளக்கு அணைகிறது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் பிணமாகிறான். அந்த அறையில் நந்தினி இருந்தாள். வந்தியத்தேவன் ஒளிந்து இருந்தான். வேஷம் போட்டுக்கொண்டு பெரிய பழுவேட்டரையர் வந்து நின்றார். வெளியே ரவிதாசனின் ஆட்கள், பாண்டியனின் ஆபத்துதவிகள். மாட்டிக்கொண்டது யார்? வந்தியத்தேவன்!

அவனைக் காப்பாற்ற "நான்தான் கொன்றேன்" என்கிறாள் மணிமேகலை. பழி தன்னுடையது என்று பழுவேட்டரையரும் சொல்கிறார். ஒருவரும் ஒப்புக்கொள்ளாத கொலை வழக்கை நாம் தினமும் பேப்பரில் பார்க்கிறோம். இது ஆளாளுக்கு ஒப்புக்கொள்ளும் வழக்கு.

வட்டத்தில் கட்சி பிரிந்து விடும். "ரவிதாசன் கோஷ்டிதான் சார், இதிலே சந்தேகமே வேண்டாம்" என்பார் வாத்தியார். "நீங்க நல்லாப் படிங்க சார், கரிகாலன் சாவைத் தேடிக்கிட்டுத்தானே கடம்பூருக்கே வர்றான்?" என்பார் குமாஸ்தா. மாணவி விடமாட்டார். "நந்தினி மேலே எல்லாரும் பழி போடறீங்களே, அவளுக்கு நடந்தது என்னன்னு யாராவது கேட்டீங்களா?"

சினிமா மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் இந்த இடத்தில் முழிப்பார்கள். படத்தில் மணிமேகலையே கிடையாது! அதைச் சொல்லிச் சொல்லியே பழைய வாசகர்கள் ஒரு டீயை முடித்து விடுவார்கள்.

ஊமை ராணி

ஆனால் பேச்சு கொலையோடு நிற்பதில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டு விவகாரத்துக்கு வந்து விடும். இந்தப் புத்தகத்தின் உண்மையான பலமும் அங்கேதான் இருக்கிறது. வாள் சண்டையை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், இது ஒரு குடும்பம் மூடி மூடி வைத்த கதை.

சுந்தர சோழர் வாலிபத்தில் ஒரு தீவில் ஒதுங்கினார். அங்கே பேச்சு வராத ஒரு பெண். பெயர் மந்தாகினி. பிறகு அவர் ராஜாவாகி விட்டார், அவள் செத்துப்போனாள் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டு இருக்கிறார். அவள் உயிரோடு இருப்பது முதன்மந்திரி அநிருத்தருக்குத் தெரியும். சொல்வதில்லை. செம்பியன் மாதேவி வளர்த்த மதுராந்தகன் அவர் பெற்ற பிள்ளை இல்லை. பெற்ற பிள்ளை பூக்கட்டும் சேந்தன் அமுதன். இதுவும் ஓரிரண்டு பேருக்குத் தெரியும். சொல்வதில்லை. பேச முடியாதவள் ஒருத்தி. பேச முடிந்தும் பேசாதவர்கள் மற்றவர்கள். நாடே ரெண்டுபடப் பார்க்கிறது!

இந்த இடம் வரும்போதுதான் அதுவரை வாய் திறக்காத அம்மாள் ஒருவர் மெதுவாகச் சொல்வார். "எங்க தாத்தாவுக்கும் முதல் சம்சாரம் ஒருத்தர் இருந்தாங்களாம். வீட்டிலே ஒரு போட்டோ கூடக் கிடையாது." இன்னொருவர் தத்துக் கொடுக்கப்பட்ட பெரியப்பாவைப் பற்றிச் சொல்வார். ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு வாத்தியார் கனைத்துக்கொண்டு, "சரி, நாலாம் பாகத்துக்கு வருவோம்" என்பார்.

ஒன்றை மறக்கக் கூடாது. நந்தினியும் மந்தாகினியும் கல்கியின் கற்பனை. பிள்ளை மாறிய சங்கதியும் கற்பனைதான். சரித்திரத்தில் உத்தம சோழர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை, அவ்வளவுதான். ஆனால் வந்தியத்தேவன் நிஜம். குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சொல்கிறது. கரிகாலன் கொலையும் நிஜம்.

கல் என்ன சொல்கிறது?

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவிலை ஒட்டி இருக்கிறது உடையார்குடி. சிதம்பரத்தில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். கதையின் முதல் அத்தியாயத்தில் ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரி இங்கேதான். அதே ஊர்ப்பக்கம் அனந்தீசுவரர் கோவில் சுவரில் கொலையாளிகளின் பெயர் இருக்கிறது!

சோமன். அவன் தம்பி ரவிதாசன். இன்னொரு தம்பி பரமேஸ்வரன். பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று கல்வெட்டு குறிப்பிடுகிறது. கதையில் ரவிதாசன் காட்டில் திரியும் மந்திரவாதி. கல்லில் அவனுக்குப் "பஞ்சவன் பிரம்மாதிராஜன்" என்று பட்டம். பரமேஸ்வரன் பட்டமோ "இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்". பிரம்மாதிராஜன் என்பது பெரிய அதிகாரிகளுக்குக் கிடைக்கும் பட்டம். அதிலும் ஒன்று சோழன் பெயரிலேயே! "அப்போ உள்ளே இருந்தவங்கதானா சார்?" என்று மளிகைக்கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

கல்வெட்டு ராஜராஜனின் 2-ம் ஆட்சி ஆண்டு என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. நடுவில் 15 வருஷம் நாட்டை ஆண்டவர் சித்தப்பா உத்தம சோழர். இத்தனை காலம் நடவடிக்கை இல்லையா? வரலாற்று ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை வைத்து உத்தம சோழர் மேலேயே சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டு சொல்வது சொத்து விவகாரத்தை மட்டும்தான், தண்டனை முன்பே நடந்து இருக்கலாம் என்பது மறுப்பவர்கள் பக்கம். அவர்களிடம் இன்னொரு துருப்பும் உண்டு. ராஜராஜன் மகன் ராஜேந்திரனின் இயற்பெயரும் மதுராந்தகன்! அண்ணனைக் கொன்றவர் பெயரை யாராவது பெற்ற பிள்ளைக்கு வைப்பார்களா?

சம்பந்தி சொத்தும் போச்சு!

வட்டங்களில் இந்தக் கல்வெட்டை வரி வரியாகப் படிக்கும்போது சத்தம் அடங்கிவிடும் ஓர் இடம் உண்டு.

வீரநாராயண சதுர்வேதிமங்கலத்து சபைக்கு ராஜா ஓலை அனுப்புகிறார். சொத்து பறிமுதல். யார் யார் சொத்து? துரோகம் செய்தவர்களுடையது மட்டும் இல்லை. தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார். பெரியப்பன்மார். தாயோடு பிறந்த மாமன்மார். பெண் கொடுத்த மாமனார்கள். கூடப்பிறந்த பெண்களைக் கட்டிய மாப்பிள்ளைகள். இவர்கள் மகளைக் கட்டியவர்களும் தப்பவில்லை!

தலையை வெட்டினார்கள், நாடு கடத்தினார்கள் என்றெல்லாம் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கல்லில் அது இல்லை. பேச்சு முழுக்க நிலமும் வீடும்தான். பறித்த நிலம் விலைக்குப் போனது. வாங்கியவர் அதைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். அதனால்தான் சங்கதியே கல்லில் ஏறியது.

"பொண்ணு கொடுத்தது ஒரு குத்தமா சார்?" என்று கேட்டுவிட்டு மளிகைக்கடைக்காரர் மற்றவர்களைப் பார்ப்பார். "ராஜத் துரோகம்னா அந்தக் காலத்திலே அப்படித்தான்" என்பார் வாத்தியார். "எந்தக் காலத்திலேயும் அப்படித்தான்" என்பார் குமாஸ்தா. சோழர் வீட்டு ரகசியத்துக்கு 5 பாகம் இருக்கிறது. அந்த மாமனார்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குக் கல்லில் ஒரு வரி கூட இல்லை.

மாணவி அதைத்தான் பிடித்துக்கொள்வார். "பரமேஸ்வரன் பொண்ணு கண்ணாலே பார்த்த மாதிரி யாராவது ஒரு நாவல் எழுதியிருக்காங்களா சார்?" வாத்தியார் யோசிப்பார். விக்கிரமனின் "நந்திபுரத்து நாயகி" உண்டு, பாலகுமாரனின் "உடையார்" உண்டு. இரண்டும் அரண்மனைப் பக்கத்துக் கதைதான்.

அடுத்த கூட்டத்துக்கு இந்த இரண்டில் எது என்று கை தூக்கச் சொல்வார்கள். "உடையார்" 6 பாகம் என்றதும் குமாஸ்தா கை கீழே இறங்கி விடும். மணி எட்டாகி இருக்கும். கடை அடைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று மளிகைக்கடைக்காரர் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுவார்.