கழுவுகிறவரைக் கேட்டீர்களா?

மார்ச் மாதம் நெருங்கும்போது பல அரசு அலுவலகங்களுக்குத் திடீரென்று கழிப்பறை நினைவு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் மார்ச் வரவேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் போதும். உடனே எஸ்டிமேட் தயாராகிவிடும். சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ், வெஸ்டர்ன் கோப்பை, கை நீட்டினால் தண்ணீர் விழும் குழாய், பெரிய கண்ணாடி, எக்ஸாஸ்ட் ஃபேன், கதவுக்குப் புது பெயின்ட். மேலாளர், இன்ஜினியர், கான்ட்ராக்டர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவார்கள். டைல்ஸ் நிறத்துக்கே அரை மணி நேரம் ஆகும்.

அந்தக் கழிப்பறையைத் தினமும் இரண்டு வேளை கழுவப் போகிறவரை மட்டும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். தொழிலாளர் பிரச்சினைகளுக்காகப் போன இடங்களில் இப்படிப்பட்ட எஸ்டிமேட்டுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். சோப்பு வைக்கும் கிண்ணத்துக்குக்கூட ஒரு வரி இருந்தது. துடைப்பமும் வாளியும் வைக்க இடம், கழுவுகிறவர் சேலை மாற்றிக்கொள்ள ஒரு தடுப்பு, அவர் உட்கார ஒரு நாற்காலி என்று ஒரு வரியும் இல்லை.

அவர் யார் என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பெரும்பாலும் அருந்ததியர் அல்லது பறையர் வீட்டுப் பெண். வெளிமுகமை மூலம் வேலைக்கு வந்தவர்; சம்பளம் கொடுப்பவர் வேறு ஊரில் இருக்கிறார், வேலை வாங்குகிறவர் பக்கத்து அறையில் இருக்கிறார். தாய் வயதுள்ள அவரை 'வா, போ' என்று கூப்பிடும் இளைஞர், அதே அலுவலகத்தில் டீ கொண்டுவருபவரை 'அண்ணே' என்பார்.

கழிப்பறைத் திட்டம் என்பது அழகு பற்றிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. திட்டம் போடுகிறவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கழுவுகிறவரின் கையில் போய் விடிகிறது. டைல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன டைல்ஸ் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டைல்ஸ் சிறியதானால் இடுக்குகள் அதிகம். இடுக்கில் பூசிய சிமென்ட் கறையைக் குடிக்கும். கறை போக வேண்டுமானால் ஆசிட். ஆசிட் கறையோடு சிமென்ட்டையும் அரிக்கும், அடுத்த மாதம் இன்னும் ஆழமாகக் கறை ஏறும், இன்னும் கொஞ்சம் ஆசிட். கையுறை தந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கை. அவசரத்தில் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறைக்குள் அதைச் சுவாசிப்பவரும் அவர்தான்.

நம் வட்டாரத்தில் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. பாலாற்றுப் படுகையில் போர் போட்டால் வருவது பல ஊர்களில் உப்புத் தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் எடுத்துச் சொன்னது. வயலைக் கெடுத்த தண்ணீர் கழிப்பறையை விட்டுவைக்குமா? கோப்பையில் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் படியும் உப்புக்கறை சோப்புக்கு அசையாது. மேலாளர் வந்து பார்த்துவிட்டு 'சரியாகக் கழுவவில்லை' என்பார். குறை தண்ணீரில், திட்டு அந்த அம்மாவுக்கு. புதுப்பிக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொஞ்சம் நல்ல தண்ணீருக்கு ஒதுக்கலாம் என்று எந்த எஸ்டிமேட்டிலும் நான் கண்டதில்லை. மழைநீர்த் தொட்டிக் குழாயை இங்கே இழுத்துவிடுவது ஒன்றும் பெரிய செலவில்லை.

தரை வாட்டமும் அப்படித்தான். நல்ல கொத்தனார் ரசமட்டம் வைத்து, மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறக்கி நானி டிராப் பக்கம் வாட்டம் கொடுப்பார். அவசரக் கான்ட்ராக்டில் இது போய்விடும். தண்ணீர் மூலையில் தேங்கும். அதைத் தினமும் குனிந்து தள்ளுகிற முதுகு ஒன்று இருக்கிறது. அடைப்பு எடுக்கும் சேம்பரை வெளியே, கம்பி விட வசதியாக வைத்தால் கருவி வேலை செய்யும். டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டால் கைதான் உள்ளே போகும். கையை விடச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இந்த விஷயத்தில் ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமாகப் பேசியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கழிப்பறையின் தரையும், 90 சென்டிமீட்டர் உயரம் வரை உட்சுவரும் வழுவழுப்பான டைல்ஸ் போன்ற நீர் இறங்காத பரப்பாக இருக்கவேண்டும் என்றது அதன் 19ஆம் பிரிவு. வேலை நேரம் முழுவதும் தொழிலாளர் எளிதில் போய்வரும்படி இருக்கவேண்டும் என்றும் சொன்னது. சாவியை சூப்பர்வைசர் பையில் வைத்துக்கொள்வதும், 'ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும்' என்று பலகை மாட்டுவதும் இந்த வரியோடு ஒட்டாது. விதிகளின் கணக்கு 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு முதல் 100 பேர் வரை 25 பேருக்கு ஒன்று, அதற்குமேல் 50 பேருக்கு ஒன்று. மாணவர்கள் போட்டுப் பாருங்கள்: 200 பெண்கள் தைக்கும் கூடத்துக்கு எட்டு வேண்டும். எட்டு இருக்கிறதா என்று உங்கள் அக்காவைக் கேளுங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வேலை பார்த்துச் சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்பும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆண், பெண், திருநர் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏற்பாடு என்று அது சொல்வது நல்ல சேர்க்கை. ஆனால் பழைய சட்டமும் ஒன்றைச் சொல்லிவைத்திருந்தது: கழிப்பறையைச் சுத்தமாக வைப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட துப்புரவாளர்களை அமர்த்தவேண்டும் என்று. சுவருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொன்ன பிரிவு, அந்த மனிதருக்கு என்ன தரவேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இனி, எஸ்டிமேட்டில் யாரும் பார்க்காத கடைசிப் பொருள். கட்டடத்துக்குப் பின்னால், மண்ணுக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்க். மேலே நான்கு கழிப்பறையை எட்டாக்குவார்கள், கீழே தொட்டி பழைய அளவிலேயே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கவேண்டிய தொட்டி சீக்கிரமே நிரம்பும். லாரி வர வழி விடாமல் அங்கே சைக்கிள் ஷெட் போட்டிருப்பார்கள். அப்போதுதான் 'நம்ம ஆளைக் கூப்பிடு' என்ற குரல் வரும். அந்த 'நம்ம ஆள்' எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று சொல்லவேண்டியதில்லை.

தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் சில நொடியில் சாய்வார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014 மார்ச் 27இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கழிவு எடுக்க லாரி வேண்டுமென்றால் 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். 30 லட்சம் எங்கே, ஒரு லாரி வாடகை எங்கே?

பக்கத்திலேயே ஒரு நிர்வாகம் தன் கழிப்பறைகளை மாற்ற நேர்ந்த கதை உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி பங்காருப்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பம் போனால் கோலார் தங்கவயல். பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் சேரிகளிலிருந்து சுரங்கத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட உறவு இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. சுரங்கத்தின் குடியிருப்புகளில் இருந்தவை உலர் கழிப்பறைகள். மலத்தை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். அப்படி அள்ளிய குடும்பம் ஒன்றில் 1966இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். 1993இல் உலர் கழிப்பறைகளைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகும் அங்கே வாளி ஓயவில்லை. வில்சன் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார், படம் எடுத்தார், படங்கள் பத்திரிகைக்குப் போயின. மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிர்வாகம் அவசரக் கூட்டம் போட்டது.

அந்தக் கூட்டத்தின் முடிவைக் கவனியுங்கள். உலர் கழிப்பறைகளைத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளாக மாற்றுவது ஒன்று. அள்ளிக்கொண்டிருந்தவர்களை வேறு வேலைக்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து முடிவெடுத்தார்கள். கட்டடத்தை மட்டும் மாற்றிவிட்டு ஆளை அதே வாளியோடு விட்டிருந்தால் அதற்கும் ஒரு திறப்பு விழா நடந்திருக்கும். வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு கூட்டம் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

உங்கள் ஊர் ஒன்றிய அலுவலகமோ, அரசுப் பள்ளியோ, தாலுகா அலுவலகமோ கழிப்பறையைப் புதுப்பிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. செப்டிக் டேங்கின் அளவு என்ன? கடைசியாக எந்தத் தேதியில் கழிவு எடுத்தார்கள், எந்தப் பதிவெண் லாரியில்? கழுவும் பணியாளர் எத்தனை பேர், அவர்களுக்குக் கையுறை, காலணி வாங்கிய பில் எங்கே? அவர்கள் பயன்படுத்தும் கழிப்பறை எது? எஸ்டிமேட் போடும்முன் அவர்களிடம் கேட்ட குறிப்பு கோப்பில் இருக்கிறதா? கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மதியத்தில் நான்கு அலுவலகத்துக்கு எழுதிவிடலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும்.