கடவுச்சொல் கேட்பவர் யார்?

கணினி கடவுச்சொல் கேட்கிறது. சரியான சொல்லையே தருகிறோம். மீண்டும் கேட்கிறது. லினக்ஸில் மெய்நிகர்க் கணினியை இயக்கிப் பழகும் ஆசிரியர் பலருக்கும் நேரும் இடர்ப்பாடு இது. பொறி பழுதாயிற்று என்று சிலர் முயற்சியையே கைவிட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் பொறியில் பழுது இராது. கேட்பவர் யார் என்று அறியாமல் விடை பகர்வதே காரணமாகும்.

மெய்நிகர்க் கணினி என்பது யாது? ஒரு கணினியினுள் மென்பொருளால் அமையும் மற்றொரு கணினி. அதற்கென இயங்குதளம் தனியே உண்டு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனியே உண்டு. வெளியே உள்ளதைத் தாய்க்கணினி என்றும், உள்ளே இயங்குவதை உட்கணினி என்றும் இங்கே குறிப்போம். மாணவர் உட்கணினியில் எதை அழித்துப் பழகினாலும் தாய்க்கணினி கெடுவதில்லை. ஓரிரு கணினிகளே உள்ள பள்ளிக்கு இது பெரும்பயன் அன்றோ?

கணினிக் கடவுச்சொல்லும் மெய்நிகர்க் கணினியும் ஒரே ஊரில் வளர்ந்தவை. அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1960களின் தொடக்கத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை அமைத்தனர். அவரவர் கோப்பு அவரவர்க்கே உரியதாதல் வேண்டிக் கடவுச்சொல் புகுந்தது. 1962ஆம் ஆண்டிலேயே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், கணினி நேரம் கூடுதலாகப் பெற விரும்பி, எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்! அதே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு நிலையத்தார் அப்பதின்மத்தின் நடுவில் மெய்நிகர்க் கணினியை உருவாக்கினர். 1991இல் தோன்றிய லினக்ஸின் கருவில், கேவிஎம் என்னும் மெய்நிகராக்கப் பகுதி 2007இல் சேர்ந்தது.

வினா அறுவகைப்படும் என்பது தமிழாசிரியர் அறிந்ததே. கடவுச்சொல் வினா அவற்றுள் எவ்வகை? அறிவினா என்றே கூறலாம். விடையைத் தெரிந்துகொள்ளக் கணினி கேட்பதில்லை. நமக்கு விடை தெரியுமா என்று சோதிக்கவே, மாணவரிடம் ஆசிரியர் கேட்பதுபோற் கேட்கிறது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. லினக்ஸ் கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைப்பதில்லை. அதிலிருந்து கணித்த ஓர் உருமாற்றத்தை மட்டுமே வைத்து ஒப்பிடுகிறது. ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளதோடு மட்டுமே ஒப்பிடுவதால், ஒரு கணினிக்கு உரிய விடை மற்றொன்றுக்குச் செல்லும் என்பதில்லை.

செமோர்ப் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வாயிலில் ஜாகா கேட்பார். ஆபீசில் கிராணி கேட்பார். லயத்தில் வீட்டுக்காரர் கேட்பார். ஒருவர்க்குச் சொன்ன விடை மற்றவர்க்குப் போதாது. இங்கும் கேட்பவர் மூவர்.

முதலாமவர் தாய்க்கணினியின் காவலர். விர்ட்-மேனேஜர் என்னும் மேலாண்மைச் செயலியைத் திறந்தவுடன், உட்கணினி தொடங்குமுன்னரே தோன்றும் சாளரம் இவருடையது. போல்கிட் என்பது இவர் பெயர். இவர் வேண்டுவது தாய்க்கணினி நிருவாகியின் கடவுச்சொல். முனையத்தில் சூடோ என்னும் ஆணை கேட்பதும் இத்தகையதே. அங்கே தட்டும் எழுத்துகள் பெரும்பாலும் திரையில் தோன்றா. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று மயங்கற்க.

இரண்டாமவர் உட்கணினி. அதன் திரைக்குள்ளேயே பயனர் பெயருடன் கேட்பவர் இவர். இவருக்குத் தாய்க்கணினியின் சொல்லைத் தந்து பயனில்லை. உட்கணினியை நிறுவியபோது அமைத்த சொல்லே வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய ஆயத்த மேகப் படிமங்கள் பலவற்றில் கடவுச்சொல்லே அமைக்கப்பட்டிராது. அங்கு எத்தனை முறை ஊகித்தாலும் கதவு திறவாது. உட்கணினியை நிறுத்திவிட்டு, விர்ட்-கஸ்டமைஸ் போன்ற கருவியால் புதுச்சொல் அமைத்தல் வேண்டும்.

தமிழில் தட்டெழுதுவோர் மற்றொன்றையும் நோக்குக. விசைப்பலகை தமிழ்99 முறையிலேயே நின்றிருந்தால் சரியான சொல்லும் தவறாகவே போய்ச் சேரும். கடவுச்சொல்லை அல்லாமல் வேறு சில எழுத்துகளைப் பயனர் பெயர்க் கட்டத்தில் தட்டிப் பார்த்தால் உண்மை புலப்படும்.

மூன்றாமவர் இயங்குதளம் எழுமுன்னரே கேட்பவர். மறையாக்கம் செய்த வட்டின் திறவுச்சொல் இவ்வகை. இதை மறந்தால் வட்டிலுள்ளவற்றை மீட்க இயலாது. பாதுகாப்பான தொடக்கம் செயற்படும் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது நாமே ஒரு தற்காலிகச் சொல் அமைக்க நேரலாம். அடுத்த தொடக்கத்தில் அதனையே கேட்பர். அதனைத் தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று.

இனி, முதலாமவர் நாள்தோறும் கேட்பதைத் தவிர்க்கும் வழி யாது? பயனரை 'லிப்விர்ட்' என்னும் குழுவிற் சேர்த்தலே. யூசர்மாட் என்னும் ஆணையைச் சிறிய 'ஏ', பெரிய 'ஜி' ஆகிய இரு குறிகளுடன் தர வேண்டும். 'ஏ' விடுபட்டால் பயனர் முன்பிருந்த துணைக்குழுக்கள் அனைத்திலிருந்தும் நீங்கிவிடுவார். நிருவாக உரிமையும் அவற்றுடன் போய்விடலாம். சேர்த்தபின் கணினியிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தாலன்றிப் பயன் தெரியாது. பலர் தவறுவது இவ்விடத்தில்தான்.

ஆயின், எல்லாரையும் அக்குழுவிற் சேர்த்துவிடலாமா? கூடாது. அக்குழுவினர் தாய்க்கணினியின் வட்டையே ஓர் உட்கணினியோடு இணைத்துத் திறந்துவிட வல்லவர். எனவே அவ்வுரிமை ஏறத்தாழ நிருவாகியின் உரிமைக்கு ஒப்பானது. மாணவர் மதிப்பெண்ணும் பெற்றோர் விவரமும் உள்ள பள்ளிக் கணினியில் அதனைப் பொறுப்பாளர் ஒருவர்க்கோ இருவர்க்கோ மட்டும் அளித்தல் தகும். மாணவர்க்குப் 'பயனர் அமர்வு' என்னும் இணைப்பே போதும். வலையமைப்பு வசதி அதிற் சற்றுக் குறைவு. ஆயினும் நிருவாகியின் கடவுச்சொல்லும் தேவையில்லை, தாய்க்கணினிக்குத் தீங்கும் குறைவு. ஓர் அமர்வில் அமைத்த உட்கணினி மற்றதன் பட்டியலில் தோன்றாது. அழிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டா.

தொல்லை தாளாமல் காவல் அனைத்தையும் நீக்கிவிடுவோரும் உளர். பூட்டுத் திறக்கவில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பார் உண்டோ? அடுத்த முறை அச்சாளரம் தோன்றும்போது விரல்கள் விசைக்குச் செல்லுமுன் கண்கள் அதன் வாசகத்தைப் படிக்கட்டும். கேட்பவர் யார் என்பது தெளிந்தால், தரவேண்டிய விடையும் தெளியும்.