டாவின்சி கோட்: சிரித்த விமர்சகர்களும் நம்மூர்த் தடையும்

போன வாரம் கம்பெனி பஸ் தண்டலம் பக்கம் டிராஃபிக்ல நின்னப்ப, கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன்ல 'தி டாவின்சி கோட்' பார்த்துட்டு இருந்தார். "என்ன சார், இதையா தடை பண்ணாங்க? தூக்கம்தான் வருது" என்றார். பஸ்ல சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுறேன்.

இயேசுவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் வாரிசு இருந்தது, திருச்சபை அதை மறைத்தது என்பது டான் பிரவுன் 2003-ல் எழுதிய நாவலின் கரு. ரான் ஹோவர்ட் எடுத்த படம் 2006 மே மாதம் கான் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. ரகசியம் உடையும் முக்கியமான கட்டத்திலேயே பத்திரிகையாளர்கள் சிலர் சிரித்துவிட்டதாகச் செய்தி வந்தது. படம் இழுவை, ஓயாத பேச்சு என்பதுதான் பெரும்பாலான விமர்சனம். இயன் மெக்கெல்லன் நடிப்பை மட்டும் பலரும் பாராட்டினார்கள். நாவலை விடப் படம் தேவலை என்ற ரோஜர் ஈபர்ட் மாதிரி ஆட்களும் உண்டு. வசூல் என்னவோ 75 கோடி டாலரைத் தாண்டியது.

ஏன் இழுவை? நாவலில் நூறுக்கு மேல் அத்தியாயங்கள், பெரும்பாலும் ரெண்டு மூணு பக்கம்தான். ஒவ்வொன்றும் ஒரு கொக்கியோடு முடியும். புதிரை நாமும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கம் திருப்பலாம். திரையில் அந்த அவகாசம் கிடையாது. யாராவது பாடம் நடத்தித்தான் ஆகணும். அதை ரெண்டரை மணி நேரம் கேட்கணும். இன்னொன்று, நாவலில் டீபிங் சொல்வதை லாங்டன் ஆமோதிக்கிறார். படத்தில் மறுத்துப் பேசுகிறார். எதிர்ப்புக்குப் பயந்து வைத்த வசனங்கள் என்றே எனக்குப் படுகிறது. அதனால் யாரும் சமாதானம் ஆனதாகவும் தெரியலை.

இந்தியாவில் தணிக்கை வாரியம், இது கற்பனை என்ற அறிவிப்போடு 'ஏ' சான்றிதழ் தந்தது. அப்புறமும் ஜூன் மாதம் தமிழக அரசு, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி, படத்தை ரெண்டு மாசத்துக்கு நிறுத்தியது. சோனி நிறுவனம் வழக்குப் போட, ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த ஆணையை ரத்து செய்தார். இப்படிப்பட்ட வழக்குகளுக்கு ஆதாரமே ஒரு தமிழ்ப் படம்தான்: 'ஒரே ஒரு கிராமத்திலே'. போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலைக் காட்டி அரசு கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே அந்த வழக்கில் சொல்லிவிட்டது.

தடையில் எனக்கு உள்ள வருத்தம் வேற. இங்கே பேச்செல்லாம் 'காட்டலாமா கூடாதா' என்பதிலேயே தீர்ந்துபோச்சு. கதை சொல்லும் 'வரலாறு' சரியா என்று கேட்டிருந்தால் ஒரு மாலை நேரத்தில் சாயம் வெளுத்திருக்கும். ஆயிரம் வருஷ ரகசிய சங்கமாகக் காட்டப்படும் 'பிரயரி ஆஃப் சியோன்', 1956-ல் பியர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்த சங்கம். அதன் பழம்பெருமைக்குச் சான்றான காகிதங்கள் 1960-களில் பாரீஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்ட போலிகள்.

இதைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இதை எடுத்திருந்தா படம் நல்லா இருந்திருக்குமே!"