தீச்சுவருக்குப் பின்னால் உள்ள கணினியுடன் கையடக்கக் கருவியை ஒத்திசைத்தல்

கையடக்கக் கருவி ஒத்திசைவு என்பது கைபேசி, கைக்கணினி போன்ற சிறு கருவிகளில் உள்ள முகவரிகள், நாட்காட்டிக் குறிப்புகள், ஒளிப்படங்கள் முதலியவற்றை வீட்டுக் கணினியில் உள்ள படிகளோடு ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் செயலாகும். கணினியில் ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் இயங்கும்போது இச்செயல் பல வேளைகளில் தடைபடுகிறது. தீச்சுவரை முழுவதுமாக அணைத்தால் ஒத்திசைவு நடக்கும். ஆனால் கணினி பாதுகாப்பை இழக்கும். தேவையான வழியை மட்டும், தேவையான கருவிக்கு மட்டும் திறந்துவிடுவதே சரியான தீர்வாகும்.

தடை ஏற்படும் விதம்

தீச்சுவர் எல்லாத் தொடர்பையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. ஒரு தொடர்பை முதலில் யார் தொடங்குகிறார் என்பதையே அது பெரும்பாலும் கவனிக்கிறது. கணினி தானாக ஓர் இணையதளத்தைக் கேட்டால் அதற்கான விடை உள்ளே வர அனுமதி உண்டு. வெளியிலிருந்து ஒரு கருவி கேட்காமலே கணினியை அழைத்தால் அந்த அழைப்பு மறிக்கப்படும். ஒத்திசைவில் பெரும்பாலும் கைக்கருவியே கணினியை அழைக்கிறது. எனவே இணையம் நன்றாக வேலை செய்யும்போதும் ஒத்திசைவு மட்டும் நடக்காமல் போகலாம்.

ஒரே கணினியில் பல மென்பொருள்கள் தொடர்புக்காகக் காத்திருக்கும். எந்த அழைப்பு யாருக்கு என்று பிரித்தறிய, போர்ட் எனப்படும் துறை எண்கள் பயன்படுகின்றன. கேடிஈ கனெக்ட் 1714 முதல் 1764 வரையான துறைகளைப் பயன்படுத்துகிறது. சிங்திங் மென்பொருள் தரவுப் பரிமாற்றத்துக்கு 22000 என்ற துறையையும், ஒரே வலையமைப்பில் உள்ள கருவிகளைக் கண்டறிய 21027 என்ற துறையையும் பயன்படுத்துகிறது. இவை மூடியிருந்தால் இரு கருவிகளும் ஒன்றையொன்று காணாமல் போகக்கூடும்.

கம்பி வழி இணைப்பில் தடை

1996இல் வெளிவந்த பாம் பைலட் கைக்கணினி, ஒரு தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் தொடர் கம்பி வழியே ஒத்திசைந்தது. அது வலையமைப்புத் தொடர்பு அல்ல. ஆகவே தீச்சுவருக்கு அங்கு வேலை இருக்கவில்லை.

2005இல் விண்டோசு மொபைல் 5.0 கருவிகளுடன் வந்த ஆக்டிவ்சிங்க் 4.0 இந்நிலையை மாற்றியது. யுஎஸ்பி கம்பியில் இணைத்த கருவியைக் கணினி ஒரு வலையமைப்பு அட்டையாகக் கருதியது. கருவி அந்தக் கம்பி வழியாகவே 990, 999, 5678, 5721, 26675 ஆகிய துறைகளில் கணினியை அழைத்தது. வெளியார் அழைப்பு என்று எண்ணிப் பல தீச்சுவர்கள் இதை மறித்தன. கம்பி சரியாக இருந்தும், மின்னூட்டம் ஏறியும், ஒத்திசைவு மட்டும் நடக்காததற்கு இதுவே காரணம். கருவியின் அமைப்புகளில் யுஎஸ்பிக்கான மேம்பட்ட வலையமைப்பு வசதியை நீக்கினால், அது பழைய தொடர் இணைப்பு முறைக்குத் திரும்பும், தீச்சுவர் குறுக்கிடாது.

இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் யுஎஸ்பி வழியே கோப்புகளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் எம்டிபி நெறிமுறையும் வலையமைப்பைச் சாராதது. வைஃபை வழி ஒத்திசைவு தடைபட்டிருக்கும்போதும் கம்பி வழியே ஒளிப்படங்களை எடுக்க முடிவது இதனால்தான்.

தீச்சுவரை அணைப்பதன் விளைவு

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற கணினிப் புழு, பயனர் எதையும் சொடுக்காமலே 135ஆம் துறை வழியே விண்டோசு கணினிகளுக்குள் புகுந்தது. அப்போது விண்டோசு எக்சுபியில் தீச்சுவர் இருந்தும், இயல்பாக அது அணைக்கப்பட்டே இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்பு அதனை இயல்பாகவே இயங்கச் செய்தது. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற பணயத் தீநிரல் 445ஆம் துறை வழியே இதே போன்று கணினிக்குக் கணினி தாவியது. ஒத்திசைவுக்காக அணைத்த தீச்சுவரை மீண்டும் இயக்க மறப்பவரின் கணினி இத்தகைய தாக்குதலுக்குத் திறந்து கிடக்கும்.

வழி திறக்கும் முறை

1. கணினியும் கைபேசியும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளை அணுகாதபடி திசைவி பெரும்பாலும் பிரித்து வைக்கும்.

2. விண்டோசில் வீட்டு வலையமைப்பு 'தனிப்பட்டது' என்ற வகையில் இருக்க வேண்டும். 'பொது' என்ற வகையில் அருகிலுள்ள கருவிகளிடமிருந்து கணினி மறைக்கப்படும்.

3. ஒத்திசைவு மென்பொருள் முதன்முறை இயங்கும்போது அனுமதி கேட்கும் பெட்டி தோன்றும். அதில் மறுத்துவிட்டால் தடை விதி ஒன்று பதிவாகிவிடும். தடை விதிக்கே முன்னுரிமை உண்டு என்பதால், பின்னர் அனுமதி விதி சேர்த்தாலும் பயனில்லை. முதலில் பழைய தடை விதியை நீக்க வேண்டும்.

4. புதிய விதியை அந்த மென்பொருளுக்கும் அதன் துறைகளுக்கும் மட்டும் அமைத்து, தனிப்பட்ட வலையமைப்புக்குள் அடக்க வேண்டும்.

5. வேறு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் இருந்தால், அதன் தீச்சுவரிலும் அனுமதி தர வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வெளியிலிருந்து ஒத்திசைத்தல்

வீட்டுக் கணினிகளின் முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்குபவை. இவற்றை இணையத்திலிருந்து நேரடியாக அழைக்க முடியாது. திசைவியில் ஒரு துறையைத் திறந்து அழைப்பைக் கணினிக்குத் திருப்பலாம். ஆனால் அந்தக் கதவு உலகம் முழுவதற்கும் திறந்ததாகிவிடும். இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளித்திருந்தால் இம்முறை பயன்படாது.

இங்கு இடைநிலை வழங்கி உதவுகிறது. கைபேசி, கணினி இரண்டும் உள்ளிருந்து வெளியே அழைத்து ஒரு பொது இடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் வெளிச்செல்லும் அழைப்புகள் என்பதால் தீச்சுவர் தடுப்பதில்லை. சிங்திங் இவ்வாறு செய்யும்போது தரவு இரு முனைகளுக்கிடையே மறைகுறியாக்கப்படுவதால், இடையில் உள்ள வழங்கியால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது.

ஒத்திசைவும் காப்புப் படியும்

ஒத்திசைவு காப்புப் படிக்கு ஈடாகாது. இருவழி ஒத்திசைவில் கைபேசியில் தவறுதலாக அழித்த ஒளிப்படம் கணினியிலிருந்தும் அழிந்துபோகும். ஆகவே ஒத்திசைவு சரியாக நடக்கும் வீடுகளிலும், முக்கியமான கோப்புகளுக்குத் தனியொரு வன்தட்டில் படி எடுத்து வைப்பது தேவையாகிறது.