மயில்கழுத்து என்ன நிறம்?

காஞ்சிபுரத்து மயில்கழுத்துப் பட்டு ஒன்றை வெயிலில் விரித்துப் பாருங்கள். நீலமா, பச்சையா? பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். மடிப்பு விழுந்த இடத்தில் பச்சை துள்ளும். நீவி விட்டால் நீலம் மேலேறும். நெய்தவரைக் கேட்டால், "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளப் போய்விடுவார்.

படைத்தவனின் தறியும் அப்படித்தான். நம் உடலின் செல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே மரபணு ஏடு. சுமார் 300 கோடி எழுத்துகள், 20,000 மரபணுக்கள். கண்ணில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, கல்லீரலில் இன்னொரு பக்கம். ஒரே ஏட்டிலிருந்து பார்வையும் பிறக்கிறது, பித்தநீரும் பிறக்கிறது. நினைத்தால் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

புற்றுக்கட்டியில் அந்த வாசிப்பு தடம் புரள்கிறது, அதுவும் ஆளுக்கொரு விதமாக. மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கட்டிகள் மரபணுவில் வெவ்வேறு குலமாக இருக்கலாம். 1999இல் டாட் கோலப் குழுவினர் ரத்தப் புற்றின் இரு வகைகளை மரபணுச் செயல்பாட்டை மட்டும் வைத்தே பிரித்துக் காட்டினார்கள். ஆனால் எந்தக் குலத்திலும் முழுசாகச் சேராமல் நடுவில் நிற்கும் கட்டிகளை என்ன செய்வது?

லாட்ஃபி ஜாதே 1965இல் சொன்ன ஃபஸி கணம் இங்கே கைகொடுக்கிறது. உள்ளே, வெளியே என்று இரண்டே பதில் இல்லை. எவ்வளவு உள்ளே என்பதே கேள்வி. இதையொட்டி டன் என்பவர் 1973இல் வகுத்து, பெஸ்டெக் என்பவர் விரித்த கணக்கு, குழுக்களுக்கு முதலில் உத்தேசமாக மையங்களை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டியும் எந்த மையத்துக்கு எவ்வளவு அருகில் என்று அளந்து பங்கு பிரிக்கிறது, அந்தப் பங்கின்படி மையங்களை நகர்த்துகிறது, மறுபடி அளக்கிறது. நகர்வு நின்றால் கணக்கு முடிந்தது. ஒரு கட்டிக்கு 0.9, 0.1 என்று வந்தால் ஐயமில்லை. 0.55, 0.45 என்றால் அது மயில்கழுத்து; இன்னொரு முறை பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் ஆய்வாளர்களின் கருவிதான். ஆனாலும் படைப்பைப் பெட்டிக்குள் திணிக்காத அடக்கம் இதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நம் மக்களின் மரபணுத் தரவும் இப்போது சேர்கிறது. சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தரவுத்தளத்தில் 480 மார்பகப் புற்று நோயாளிகளின் விவரங்கள் உள்ளன.

காஞ்சியில் பிறந்த அண்ணாவைக் கொண்டுபோனதும் புற்றுநோய்தான், 1969இல். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. கட்டி கையில் தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.