பட முதலாளி பானுமதி



ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரத் தோட்டங்களில், திடலிலே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பொழுதோடு பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடித்து வைப்பார்களாம். கதாநாயகன் யார், வில்லன் யார் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் படம் தொடங்குமுன் ஓடுகிற எழுத்தில் 'தயாரிப்பு' என்று ஒரு பெயர் வருமே, அதை எத்தனை பேர் கவனித்தோம்? படத்துக்குச் சொந்தக்காரர் அவர்தாம். அந்த இடத்தில் பெண் பெயரைக் காண்பது அரிது. அரிதான அந்தப் பெண்களில் ஒருவர் பி. பானுமதி. அவருடைய நடிப்பும் பாட்டும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். இன்று அவரை முதலாளியாகப் பார்ப்போம்.

முதலில் அக்காலப் படத்தொழிலில் பணம் எப்படிப் புரண்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர் கடன் வாங்கிப் படத்தைத் தொடங்குவார். பாதி எடுத்ததும் விநியோகஸ்தர்களிடம் முன்பணம் பெறுவார். இன்ன வட்டாரத்தில் படத்தை ஓட்டும் உரிமை இன்னாருக்கு என்று பிரித்து விற்பார்கள். வெளிநாட்டு உரிமைக்குச் சென்னைப் படக்காரர்கள் வைத்த பெயர் 'எப்.எம்.எஸ்.' என்பது. அது என்ன தெரியுமா? 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் மாநிலங்களின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்! அந்த அமைப்பு மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் படத்தொழிலில் பெயர் நிலைத்துவிட்டது. பால்மரம் வெட்டிய காசில் நம்மவர் வாங்கிய டிக்கெட்டும் அந்தக் கணக்கில் உண்டு.

அக்காலத்தில் நடிகர் நடிகையருக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கில் பங்கு இருக்கவில்லை. பேசிய சம்பளம், அவ்வளவுதான்.

பானுமதி 1925இல் ஆந்திரத்தில் ஓங்கோல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். தகப்பனாரிடம் சங்கீதம் பயின்றார். 1939இல் 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் முதன்முதலில் நடித்தார். அது வரதட்சணைக் கொடுமையைச் சொன்ன கதை. 1943இல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவை மணந்தார். பெற்றவர்களுக்கு இதில் விருப்பமில்லை. கணவரும் மனைவியுமாகச் சேர்ந்து 1947இல் ஒரு படக்கம்பெனி தொடங்கினார்கள். மகன் பெயர் பரணி. கம்பெனிக்கும் பரணி பிக்சர்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். 'ரத்னமாலா', 'லைலா மஜ்னு' என்று படங்கள் வந்தன. பிறகு சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது.

ஸ்டூடியோ என்பது பெரிய விஷயம் நேயர்களே. சொந்தப் படம் எடுக்காத நாளிலும் பிறர் வந்து படம் பிடிப்பார்கள்; வாடகை வரும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலமும் கட்டடமும் நிற்கும்.

1953இல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் ஒருசேர எடுத்தார் பானுமதி. இயக்குநர் அவரே. இரட்டை வேடத்தில் நடித்தவரும் அவரே. அக்காலத்தில் ஒரு மொழியில் எடுத்து முடிப்பதற்குள்ளேயே பலருக்கு விழி பிதுங்கும்.

அவரைத் திமிர் பிடித்தவர் என்று பேசியவர்கள் உண்டு. 'மிஸ்ஸியம்மா' கதையைக் கேளுங்கள். தெலுங்கில் முதலில் பானுமதிதான் கதாநாயகி. கொஞ்சம் படமும் பிடித்தாயிற்று. ஒரு நாள் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார் என்று தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டார். எழுதித் தர மறுத்துவிட்டார் பானுமதி. 1955இல் வந்த அந்தப் படத்தில் நடித்துப் புகழ் பெற்றவர் சாவித்திரி. எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' (1958) படத்திலும் கருத்து வேறுபாடு வந்து பாதியில் விலகினார். கதையில் அவர் பாத்திரம் இறந்துபோவதாக மாற்றிக்கொண்டார்கள்.

யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். நேரத்துக்கு வராதவர் மேல் தயாரிப்பாளருக்குக் கோபம் வருவது இயற்கைதானே! நாம் பார்க்க வேண்டியது வேறு. பெரிய கம்பெனியோடு மோதிவிட்டு வீட்டுக்குப் போன ஒரு நடிகைக்கு மறுநாள் அடுப்பு எரிந்தது. சொந்தக் கம்பெனி இருந்தது, ஸ்டூடியோ இருந்தது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். கிராணியிடம் எதிர்த்துப் பேச வாய் எழும்பாததற்குக் காரணம் பயந்த சுபாவம் அன்று, அந்த வீடுதான். பிற்காலத்தில் தோட்டங்கள் கைமாறியபோது, நாற்பது ஆண்டு பால் வெட்டிய பெண்மணிகூடச் சட்டிபானையோடு வெளியேற நேர்ந்தது.

கம்பெனி தொடங்கிய பெண்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தாமே எழுதித் தயாரித்து இயக்கினார். பிறகு படத்தொழிலில் நட்டப்பட்டார். சாவித்திரியும் 1971இல் 'பிராப்தம்' எடுத்துப் பெரும் பணத்தை இழந்தார். திறமையில் இவர்கள் குறைந்தவர்கள் அல்லர். ஒரே படத்தில் எல்லாவற்றையும் வைப்பது ஆபத்து. பானுமதிக்குத் தொழில் தெரிந்த கணவர் துணை இருந்தது, ஸ்டூடியோ இருந்தது, அதோடு பிறர் படங்களில் நடித்துச் சம்பளம் வாங்குவதையும் அவர் விடவில்லை. 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'அன்னை' எல்லாம் அப்படி நடித்தவைதாம்.

1966இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாமியார் மருமகளை வைத்துத் தெலுங்கில் நகைச்சுவைக் கதைகள் எழுதினார். 1985இல் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வரானார். அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்தவர், 'நாடோடி மன்னன்' எடுத்த அதே எம்.ஜி.ஆர். மூன்று ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2005 டிசம்பர் 24ஆம் நாள் சென்னையில் காலமானார்.