கடலுக்கு அடியில் வழி பார்ப்பவர்கள்!



படாளம் பக்கம் போயிருக்கிறீர்களா? செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அந்த மாதிரி பெரிய சாலைகளின் ஓரத்தில் பள்ளம் தோண்டி, சுருள் சுருளாக இருக்கும் பிளாஸ்டிக் குழாயைப் பிரித்துப் புதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். டெலிபோனுக்கும் இன்டர்நெட்டுக்கும் உரிய கேபிள் போகும் குழாய் அது.

நிலத்தில் இந்த வேலைக்கு வழி பார்ப்பது சுலபம். பாறை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். குளம் இருந்தால் சுற்றிக்கொண்டு போகலாம். சந்தேகம் வந்தால் டீக்கடையில் விசாரிக்கலாம்!

சரி, இப்போது படாளத்துக்கு வடக்கே போகும் பாலாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடங்கள். கல்பாக்கம் அருகே வயலூரில் ஆறு கடலில் கலந்துவிடும். எதிரே வங்காள விரிகுடா. அதற்கு அப்பால் அந்தமான், மலேசியா, சிங்கப்பூர். அங்கேயும் கேபிள் போக வேண்டுமே! கடலுக்கு அடியில் பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று யாரிடம் கேட்பது?

அதைக் கண்டுபிடிக்கத்தான் கடல் சர்வேயர்கள் இருக்கிறார்கள். கேபிள் பதிக்கும் கப்பல் வருவதற்கு முன்பே இவர்கள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

விண்கோளா, கடல் கேபிளா?

'வெளிநாட்டுக்குப் பேசினால் விண்கோள் வழியாகத்தானே போகும்?' என்று கேட்கிறீர்களா? நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில், கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவல்களில் 95 சதவீதத்துக்கும் மேல் கடல் அடிக் கேபிள் வழியாகத்தான் போகிறது. தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழைகளுக்குள் ஒளியாக ஓடுகிறது. ஆழ்கடலில் போகும் கேபிளின் மொத்தப் பருமன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் அளவுதான்!

சென்னைக்கு இது புதிதல்ல. 1870-ஆம் ஆண்டிலேயே மெட்ராசிலிருந்து பினாங்குக்குக் கடல் வழியாகத் தந்திக் கம்பி போடத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நீட்டினார்கள். இன்றைக்கு இந்தியாவில் கடல் கேபிள்கள் கரையேறும் முக்கியமான இரண்டு நகரங்கள் மும்பையும் சென்னையும்.

அண்மைக் காலத்தில் சென்னையிலிருந்து போன கேபிள்களில் ஒன்று, அந்தமானுக்குப் போனது. அதுவரை அந்தமான் தீவுகளுக்கு இன்டர்நெட் விண்கோள் வழியாகத்தான் கிடைத்தது. வேகம் குறைவு, செலவு அதிகம். அங்கே படிக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகள் ஒரு வீடியோ பாடம் பார்ப்பதே பெரும்பாடு. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று இந்தக் கேபிள் திறந்து வைக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோ மீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேயர் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது), ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்டு, ரங்கத் என்று எட்டு இடங்களை இது சென்னையோடு இணைக்கிறது.

இவ்வளவு பணம் போட்டுப் பதிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கடலில் போட முடியுமா?

கயிறும் ஈயக் குண்டும்

அந்தக் காலத்தில் ஆழம் பார்க்க ஒரே வழி, கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்குவதுதான். குண்டு தரையைத் தொட்டதும் எத்தனை கயிறு போனது என்று அளப்பார்கள். நம் மீனவர்கள் இன்றைக்கும் ஆழத்தைப் 'பாகம்' என்ற கணக்கில் சொல்வதைக் கேட்கலாம். இரண்டு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். சுமார் ஆறு அடி.

குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அடைத்து அனுப்புவார்கள். மேலே வரும்போது அதில் மணல் ஒட்டியிருந்தால் அடியில் மணல். சேறு ஒட்டியிருந்தால் சேறு. ஒன்றுமே ஒட்டாமல் அடிபட்டு வந்தால் பாறை! என்ன ஒரு யோசனை பாருங்கள்.

ஆனால் ஆழ்கடலில் ஒரே ஒரு இடத்தை அளக்கவே மணிக்கணக்காகும். இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு மலையே இருந்தாலும் தெரியாது.

சத்தம் போட்டால் பதில் வரும்

இப்போது கயிற்றுக்குப் பதில் ஒலி. மலை முன்னால் நின்று கூவினால் எதிரொலி வருகிறதல்லவா, அதே தத்துவம். கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்புவார்கள். அது தரையில் மோதித் திரும்பும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். இதற்குப் பெயர் சோனார்.

ஒரு கணக்கு போடுவோமா? கடல் நீரில் ஒலி, நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். (காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல்!) நீங்கள் அனுப்பிய ஒலி 4 நொடியில் திரும்பி வருகிறது. ஆழம் எவ்வளவு?

6,000 மீட்டர் என்று சொன்னவர்கள் தலையில் ஒரு குட்டு! ஒலி போகவும் வேண்டும், வரவும் வேண்டும். அதனால் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விடை 3,000 மீட்டர். சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே கடல் ஏறக்குறைய அந்த அளவு ஆழமானதுதான்.

சர்வே கப்பலில் இருக்கும் சோனார், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறி போல விரித்து அனுப்பும். கப்பல் போகப் போக, தரையின் மேடு பள்ளம் ஓர் அகலமான பட்டையாகக் கம்ப்யூட்டரில் வரைபடமாக விரியும். அலையில் கப்பல் ஆடுவதைக்கூட ஒரு கருவி அளந்து, கணக்கில் கழித்துவிடும். நீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். அதனால் அதையும் அவ்வப்போது அளக்க வேண்டும்.

இன்னும் சில கருவிகளும் உண்டு.

* கப்பலுக்குப் பின்னால் மீன் போல நீந்தி வரும் ஒரு சோனார். இது பக்கவாட்டில் ஒலியை அனுப்பும். வெயிலில் கம்பத்துக்கு நிழல் விழுவது போல, பாறைக்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் நிழலாகத் தெரியும். நிழலின் நீளத்தை வைத்துப் பாறையின் உயரத்தைச் சொல்லலாம். மூழ்கிய கப்பலும் இதில் சிக்கும்.

* தரைக்குள்ளேயே புகுந்து போகும் ஒலி. மேலே சேறு எத்தனை மீட்டர், அடியில் பாறை எங்கே தொடங்குகிறது என்று காட்டும்.

* காந்தப்புலத்தை அளக்கும் கருவி. மண்ணுக்குள் பழைய கேபிளோ இரும்போ புதைந்திருந்தால் சொல்லிவிடும்.

* மண் எடுக்கும் குழாய். எடை கட்டிக் கீழே விட்டால் தரையில் குத்தி, வாழைத்தண்டு போல ஒரு துண்டு மண்ணை எடுத்து வரும். ஈயக் குண்டில் கொழுப்பு வைத்தார்களே, அதன் பேரன்தான் இது!

மாமல்லபுரத்துக் கடலில்...

ஒரு விளையாட்டு. நீங்கள்தான் சர்வேயர். மாமல்லபுரம் பக்கத்துக் கடலில் ஒரு கேபிளுக்கு வழி பார்க்க வேண்டும். எங்கே கரையேற்றுவீர்கள்?

பாலாற்று முகத்துவாரம் காலியாக இருக்கிறது, அங்கே போடலாமா? ஊஹும். பாலாற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடாதுதான். ஆனால் வெள்ளம் வந்தால் மணல் எல்லாம் இடம் மாறும். அதோடு, தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அலைகள் கரையோர மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளும். இன்று புதைந்திருக்கும் கேபிள், நாளை வெளியே தெரியும்.

கடற்கரைக் கோயிலுக்கு நேரே போடலாமா? அங்கேயும் முடியாது. 2002 ஏப்ரலில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெளிநாட்டுக் குழு ஒன்றுடன் சேர்ந்து அங்கே மூழ்கிப் பார்த்தார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறையும் கடற்படையும் அந்தப் பகுதியை மறுபடி ஆராய்ந்தன. நம் முன்னோர் விட்டுப்போன சொத்தின் மேல் கேபிளை இழுக்கலாமா?

சரி, கொஞ்சம் தள்ளி? அங்கே மீனவர் குப்பம். மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். எந்தப் பாரில் எந்த மீன் கிடைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. விசைப்படகின் இழுவலை கேபிளில் மாட்டினால் கேபிளும் போகும், வலையும் போகும். படகே கவிழும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் நல்ல சர்வேயர் முதலில் மீனவர்களிடம் பேசுவார். உள்ளூர் மீனவரையே கப்பலில் துணைக்கு ஏற்றிக்கொள்வதும் உண்டு.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். அந்த மாதங்களில் மணலைத் தோண்டவே கூடாது. பார்த்தீர்களா, இன்னும் கடலுக்குள் இறங்கவே இல்லை. அதற்குள் எத்தனை கேள்வி!

தப்பான வழியில் போனால்?

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் காரணம் மீன் வலையும் கப்பல் நங்கூரமும்தான். அதனால் ஆழம் குறைந்த இடங்களில் கேபிளுக்கு இரும்புக் கம்பிக் கவசம் போட்டு, ஒரு மீட்டர் அளவுக்குக் கடலுக்கு அடியிலேயே உழுது புதைக்கிறார்கள். ஆமாம், உழுவதுதான்! கப்பல் இழுத்துப் போகும் ராட்சதக் கலப்பை அது. பாறை இருக்கும் இடத்தில் உழ முடியாது. எங்கே உழலாம் என்று சொல்வதும் சர்வேதான்.

ஆழ்கடலில் புதைக்க வேண்டியதில்லை. தரை மேல் கிடந்தால் போதும். ஆனால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே துணிக்கொடி போலத் தொங்கக் கூடாது. நீரோட்டத்தில் ஆடி ஆடித் தேய்ந்து அறுந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது, கடலுக்கு அடியில் நடக்கும் மண்சரிவு. 1929 நவம்பர் 18 அன்று கனடா அருகே அட்லாண்டிக் கடலில் நிலநடுக்கம் வந்தது. பக்கத்தில் இருந்த தந்திக் கேபிள்கள் உடனே அறுந்தன. ஆனால் தூரத்தில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டே போயின. கடைசிக் கேபிள் அறுந்தது சுமார் 13 மணி நேரம் கழித்து! ஏன் என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. 1952-இல்தான் இரண்டு விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். நிலநடுக்கத்தால் சரிந்த சேறு, சரிவில் வெள்ளம் போலப் பாய்ந்து போய், வழியில் இருந்ததை எல்லாம் அறுத்திருக்கிறது. எந்தக் கேபிள் எத்தனை மணிக்கு அறுந்தது என்பதை வைத்தே அந்தச் சேற்று வெள்ளத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

2006 டிசம்பர் 26 அன்று தைவான் அருகிலும் இதேதான் நடந்தது. ஒன்பது கேபிள்கள் அறுந்தன. அவற்றைச் சரிசெய்ய 11 கப்பல்களுக்கு 49 நாட்கள் ஆயின!

அதனால்தான் சர்வேயர்கள் கடலடிப் பள்ளத்தாக்கு என்றாலே உஷாராகிவிடுவார்கள். புதுச்சேரிக்கு அருகிலும் அப்படிப் பள்ளத்தாக்குகள் உண்டு. அந்தமான் பக்கமோ இன்னும் சிக்கல். இந்தியாவில் நெருப்பைக் கக்கும் ஒரே எரிமலை, பாரன் தீவு, அங்கேதான் இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. அந்தத் தீவுக்கும் கேபிள் போட்டிருக்கிறார்கள் என்றால், வழி பார்த்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

இந்தியாவின் கடல் வரைபடங்களைத் தயாரிப்பது, டேராடூனில் இருக்கும் கடற்படையின் நீரியல் அலுவலகம். கடல் வரைபடம் போடும் அலுவலகம் இமயமலை அடிவாரத்தில்! வேடிக்கைதான், இல்லையா? கடல் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் நம் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது. கணக்கும் இயற்பியலும் புவியியலும் பிடித்தவர்களுக்கு இந்தத் துறைகளில் நிறைய வேலை காத்திருக்கிறது.

செய்து பாருங்கள்!

தேவை: பழைய செருப்பு அட்டைப்பெட்டி, களிமண், ஊதுபத்திக் குச்சி, ஸ்கேல், கோடு போட்ட தாள், பென்சில்.

நண்பர் ஒருவரை, பெட்டிக்குள் களிமண்ணால் மேடு பள்ளம் செய்து மூடச் சொல்லுங்கள். நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது! மூடியில் 2 செ.மீ. இடைவெளி விட்டு வரிசையாக ஓட்டைகள் போடுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் குச்சியை விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து தாளில் குறியுங்கள். எல்லாம் முடிந்ததும், பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பள்ளத்தில் விழாமல், மேட்டில் ஏறாமல் போகும் வழியைப் பென்சிலால் வரையுங்கள்.

இப்போது மூடியைத் திறந்து, அந்த வழியில் ஒரு நூலை வைத்துப் பாருங்கள். நூல் எங்கும் தொங்காமல் படுத்திருந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ்! தொங்கினால், ஓட்டைகளை ஒரு செ.மீ. இடைவெளியில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். கயிறு போய் சோனார் ஏன் வந்தது என்பது தானாகப் புரிந்துவிடும்!